மக்ரூனுக்கு எது நியாய விலை? வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன், டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள், ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள் என்று. அதற்கே இவ்வளவு கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, மக்ரூன் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, என் மகன் சென்னையில் ஒரு பேக்கரியிலிருந்து ஆறு மக்கரோன் இருக்கிற பெட்டியை 720 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தான். கலர் கலராக, சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. என் மாமியார், "இந்தக் காசுக்குத் தூத்துக்குடியில் வாங்கியிருந்தால் வீடே சாப்பிட்டிருக்குமே" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா? பையன் ஏமாந்துவிட்டானா? (வாசகி, மதுரை)

பதில்: இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பண்டம் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சீனி சேர்த்து, அரைத்த கொட்டைப் பருப்பைக் கலந்து சுடுவது என்கிற அடிப்படை இரண்டுக்கும் பொது. ஐரோப்பாவில் அது பாதாம். நம் ஊரில் முந்திரி. போர்த்துகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்தவர்கள், பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். மக்ரூனும் அவர்கள் வழியாக வந்தது, இங்கே பாதாமின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது என்றுதான் தூத்துக்குடியில் சொல்வார்கள்.

உங்கள் மகன் வாங்கியது பாரிஸ் பாணி. இரண்டு ஓடு, நடுவில் கிரீமோ, சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷோ, ஜாமோ. பாரிசின் ரூ ரோயால் தெருவில் 1862-ல் தொடங்கிய லாதுரே கடையின் பெயரோடு சேர்த்துத்தான் இந்த ஒட்டு மக்கரோனைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் ஒட்டும் பழக்கம் வந்தது 20-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் அங்கேயும் ஒற்றை மக்கரோன்தான், உள்ளே எதுவும் வைக்காதது. பிரான்சின் நான்சி நகரத்தில் இன்றும் அப்படித்தான் விற்கிறார்கள். தூத்துக்குடி மக்ரூன் அந்தப் பழைய வகைக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இப்போது காசுக்கு வருவோம். இந்த வகை மக்கரோன் ஒன்று 15 முதல் 20 கிராம் இருக்கும். 18 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆறுக்கு 108 கிராம், அதாவது கிலோ சுமார் 6,670 ரூபாய்! உங்கள் மாமியார் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் காசில் பாதாமுக்கும் முட்டைக்கும் போவது கொஞ்சம்தான். மாவை ஓடுகளாகப் பிழிந்து, மேலே ஆடை கட்டும்வரை காயவைத்து, 150 டிகிரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் சுட்டு, வெடித்ததையும் கோணினதையும் கழித்து, ஒரே அளவு ஓடுகளை ஜோடி சேர்த்து, தனியாகச் செய்த கிரீமை வைத்து ஒட்டி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிற வேலை இருக்கிறதே, பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. அப்புறம் அந்தப் பெட்டி, கடை வாடகை, ஏசி.

ஏமாந்தானா என்பது தின்ற வாய்க்குத்தான் தெரியும். மேல் ஓடு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக நொறுங்கி, உள்ளே மெத்தென்று இருந்து, பிஸ்தா என்று எழுதியதில் பிஸ்தா மணத்திருந்தால் விலை கூடுதல்தான், ஆனால் ஏமாற்று இல்லை. ஆறு நிறமும் ஒரே ருசி, எல்லாவற்றிலும் ஒரே பட்டர் கிரீம், கலரும் எசென்சும் மட்டும் வேறு என்றால் பெட்டிக்குத்தான் காசு கொடுத்திருக்கிறான். அடுத்த முறை ஒன்றே ஒன்று வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் பெட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் நின்றுகொண்டே நல்ல மக்ரூன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாமே வெள்ளையாகக் கூம்பாகத்தானே இருக்கிறது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முந்திரி, சீனி, வெள்ளைக்கரு மூன்றே சாமான். நெய் இல்லை, ஏலக்காய் இல்லை, பாகு இல்லை. ஒளித்துவைக்க இடமே இல்லாத பண்டம் இது.

முதலில் நிறம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், சீனி தூக்கலாக இருக்கலாம், முந்திரி சேர்ந்தால் தந்தம் மாதிரி ஒரு மங்கல் வந்தே தீரும். அதற்காகப் பழுப்பாகவும் இருக்கக் கூடாது, அது சூடு அதிகமாகிச் சீனி கருகத் தொடங்கியதற்கு அடையாளம். மக்ரூனை வேகவைப்பதைவிட உலர்த்துவது என்றுதான் சொல்ல வேண்டும், தணிந்த சூட்டில் மணிக்கணக்கில். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே தட்டுகளை வைத்துவிட்டு விடியும்வரை விடுகிற வழக்கம் அதற்காகத்தான்.

அடுத்து கையில் எடுத்துப் பாருங்கள். பார்க்கிற அளவுக்கு எடை இருக்கவே கூடாது. "இவ்வளவுதானா" என்று தோன்ற வேண்டும். கனத்தால் ஒன்று நுரை அமுங்கிப் போயிருக்கிறது, இல்லை ஈரம் ஏறியிருக்கிறது. எடை போட்டு விற்கிற சரக்கு என்பதை மறக்காதீர்கள், ஈரம் ஏறிய மக்ரூன் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை. தட்டையாக, காய்ந்து, தாள் சுத்தமாகப் பிரிந்து வந்திருக்க வேண்டும். பிசுபிசுவென்று பாகு மாதிரி கசிந்திருந்தால் சீனி சரியாகக் கரையவில்லை. எண்ணெய்க் கறை இருந்தால் முந்திரியை அரைக்கும்போது சூடேறி எண்ணெய் விட்டிருக்கிறது. அந்த எண்ணெய் வெள்ளைக்கரு நுரைக்கு எமன், நுரையை அமுக்கிவிடும். தெரிந்தவர்கள் முந்திரியை விட்டு விட்டுத்தான் அரைப்பார்கள்.

கடைசியாக வாய். தயங்காமல் ஒன்று கேளுங்கள், நல்ல கடையில் முகம் சுளிக்காமல் தருவார்கள். பல் பட்டதும் மேலே நொறுங்க வேண்டும். நடுவில் லேசாக ஒரு இழுவை, பிறகு கரைந்து போய்விட வேண்டும். கரைந்த பிறகு நாக்கில் முந்திரி நறநறவென்று கொஞ்சம் மிஞ்ச வேண்டும், அதுதான் நீங்கள் காசு கொடுத்தது. இனிப்பு மட்டும் மிஞ்சினால் வெறும் சீனி நுரை. முட்டை வாடை அடித்தால் சரியாக உலரவில்லை. கசப்போ, பழைய எண்ணெய் மணமோ வந்தால் முந்திரி காறிப்போயிருக்கிறது, அந்தக் கடையில் அன்றைக்கு எதையும் வாங்காதீர்கள்.

கூம்பின் நுனி வளைந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா என்பதை வைத்து எடைபோட வேண்டாம். கையால் பிழிவது அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் ஏரியாவில் ஒரு கடையில் "தூத்துக்குடி மக்ரூன்" கிலோ 480, இன்னொரு கடையில் 920. இரண்டு கடைக்காரரும் முந்திரிதான் என்று சத்தியம் செய்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகர், தாம்பரம்)

பதில்: இரண்டு பேருமே உண்மையைச் சொல்லலாம். எவ்வளவு முந்திரி என்பதுதான் கேட்க வேண்டியது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ முந்திரி, ஒரு கிலோ சீனி, பதினெட்டு முட்டையின் வெள்ளைக்கரு. ஒரு வெள்ளைக்கரு 33 கிராம் என்றால் எல்லாம் சேர்த்து 600 கிராமுக்குப் பக்கத்தில் வரும், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அடுப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆக மிஞ்சுவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது இந்த அளவில் செய்த ஒரு கிலோ மக்ரூனில் 450 கிராமுக்குக் குறையாமல் முந்திரி இருக்கும். கடைக்குக் கடை அளவு மாறும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

உங்கள் பக்கத்து மளிகைக் கடையில் துண்டு முந்திரி கிலோ என்ன விலை என்று கேளுங்கள். முழுப் பருப்பின் விலையைக் கேட்காதீர்கள், அரைக்கப் போகிற பண்டத்துக்கு யாரும் முழுசு வாங்கமாட்டார்கள். (முந்திரி வியாபாரத்தில் 180, 240, 320 என்று நம்பர் சொல்வது ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதற்கான கணக்கு, நம்பர் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் கூட.) துண்டு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 450 கிராமுக்கு 360. சீனி இருபது ரூபாய் சொச்சம். எட்டு ஒன்பது முட்டை ஐம்பது ரூபாய், மஞ்சள்கரு கேக்குக்கோ வேறெதற்கோ போய்விடுவதால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். சாமானுக்கே நானூறைத் தாண்டிவிட்டது. இதற்கு மேல் அடுப்புச் செலவு, பிழிகிறவர் கூலி, உடைசல், பாக்கெட், தூத்துக்குடியிலிருந்து வருகிற லாரி வாடகை. 480-க்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

அந்தக் கடைக்காரர் திருடர் என்று நான் சொல்லவில்லை. சீனியைக் கூட்டி முந்திரியைக் குறைத்தால் அந்த விலைக்குத் தரலாம், தெரிந்து வாங்கினால் தப்பில்லை. பாக்கெட்டாக இருந்தால் பின்பக்கம் படியுங்கள், எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சீனி முதலில், முந்திரி அதற்கடுத்து என்று இருப்பது சகஜம். ஆனால் நடுவில் நிலக்கடலையோ மைதாவோ நுழைந்திருந்தால் 920 கேட்டாலும் 480 கேட்டாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி: போன வாரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மக்ரூன் வீடு வருவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? (வாசகி, விருதுநகர்)

பதில்: எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு கார்த்திகை மாதம், மழை, பஸ் கிளம்பப்போகிற அவசரத்தில் வெறும் பாலித்தீன் கவரில் அரைக்கிலோ கட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று. வீட்டில் பிரித்தால் கூம்பெல்லாம் குழைந்து கிடந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

பழைய சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சீனி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், அதுவும் நுரையாக நிற்கிற சீனி இன்னும் வேகமாக இழுக்கும். கடற்கரை ஊரின் மழைக்காலக் காற்றில் மூடாமல் வைத்தால் எவ்வளவு நல்ல மக்ரூனும் தாங்காது. அதனால் கண்ணாடி ஜாடியிலோ தகர டின்னிலோ மூடி வைத்து, கேட்டபிறகு எடுத்துத் தருகிற கடையில் வாங்குங்கள். தட்டில் குவித்துத் திறந்து வைத்திருக்கிற இடத்தில் வேண்டாம். சூடு ஆறாமல் பாக்கெட் போட்டாலும் உள்ளேயே வேர்த்துவிடும்.

குழைந்து பாகாகிவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. லேசாக நமுத்திருந்தால் ஓவனை 100 டிகிரியில் வைத்து, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, பத்துப் பதினைந்து நிமிடம். எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்பும். முழுக்க ஆறிய பிறகு டின்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அலுவலகத்தில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டேன். இதில் முட்டை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. முட்டை இல்லாமல் கிடைக்குமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இதைக் கொடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், பார்த்தால் முட்டைப் பண்டம் மாதிரியே தெரியாது. பாக்கெட்டில் பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பாருங்கள். முட்டை சேர்ந்தால் பழுப்புதான் போட வேண்டும். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை நுரைக்க அடித்து முட்டையில்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நுரை நன்றாகவே வரும், ருசி கொஞ்சம் வேறு. அதற்கு முட்டை மக்ரூனைவிட அதிக விலை கேட்டால் காரணம் கேளுங்கள், கடலைத் தண்ணீர் முட்டையைவிட விலை உயர்ந்தது இல்லை.

கேள்வி: வீட்டில் பாதாம் மக்கரோன் செய்து விற்கிறேன். ஒன்று 70 ரூபாய். "இத்தனூண்டுக்கு எழுபதா?" என்று கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் ஐம்பதுக்குக் கொடுத்துவிடுகிறேன். நான் என்னதான் விலை வைப்பது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: குறைக்காதீர்கள், அதற்கு முன்னால் உங்கள் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள், ஏனென்றால் எழுபதே உங்களுக்குக் கட்டுகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, சாமான் செலவை எடுத்துச் செய்த எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. அறுபது ஓடு பிழிந்தால் முப்பது ஜோடி என்பது காகிதத்தில். வெடித்தது, அடியில் விளிம்பு எழும்பாதது, உள்ளே ஓட்டையானது எல்லாம் போக இருபத்தைந்துதான் விற்கக் கொடுக்க முடிகிறது என்றால் இருபத்தைந்தால் வகுக்க வேண்டும். பாதாமைச் சலித்தபோது மேலே நின்ற குருணையையும் சேருங்கள். மூன்று மணி நேரம் நின்றால் அந்த மூன்று மணிக்கும் கூலி. கரண்டு. கிரீம் மிச்சமாகி ஃபிரிட்ஜில் கிடப்பதும் செலவுதான்.

கழிவைக் குறைக்க முடிந்தால் லாபம் தானாக வரும். பிழிந்த ஓடுகளை விரலால் தொட்டால் ஒட்டாத வரைக்கும் காயவிடுங்கள், வெயில் நாளில் அரை மணி போதும், மழை நாளில் ஒரு மணிக்கு மேலும் ஆகும். அவசரப்பட்டுச் சுட்டால்தான் மேலே வெடிக்கிறது. ஓவனுக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், வீட்டு ஓவன்கள் காட்டுகிற எண் ஒன்று, உள்ளே இருக்கிற சூடு ஒன்று. மாவைக் கலக்கும்போது கரண்டியிலிருந்து நாடா மாதிரி விழுந்து அரை நிமிடத்துக்குள் மறைகிற பதத்தில் நிறுத்துங்கள், ஒரு சுற்று அதிகமானாலும் ஓடிவிடும்.

அப்புறம், சுட்ட அன்றே விற்காதீர்கள். கிரீம் வைத்து ஒட்டி 24 மணி நேரம் மூடி ஃபிரிட்ஜில் இருந்தால்தான் ஓட்டின் உள்பக்கம் கிரீமின் ஈரத்தை வாங்கி மெத்தென்று ஆகும். "ஃப்ரெஷ்ஷா இருக்கா?" என்று கேட்கிறவர்களிடம் நேற்றுச் செய்தது, இன்றைக்குத்தான் இதற்குப் பதம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். சாப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைக்கவும் சொல்லுங்கள், ஜில்லென்று சாப்பிட்டால் பட்டர் கட்டியாக இருக்கும், மணமே தெரியாது, பிறகு எழுபது அதிகம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

பேரம் பேசுகிறவர்களுக்கு விலையைக் குறைப்பதற்குப் பதிலாக உடைந்த ஓடுகளை ஒரு பாக்கெட்டில் போட்டு மலிவாகக் கொடுங்கள். ருசியில் குறையே இருக்காது, நீங்களும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கேள்வி: அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன். எங்கே வாங்கினால் நல்லது? ஊருக்குக் கொண்டுவரலாமா? (வாசகர், சென்னை)

பதில்: லாதுரே, பியேர் எர்மே என்ற இரண்டு கடைகளிலும் ஒவ்வொன்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். எர்மேயில் இஸ்பஹான் என்று கேளுங்கள், ரோஜா, லிச்சி, ராஸ்பெர்ரி மூன்றும் சேர்ந்தது, எனக்குத் தெரிந்து ஒரு மக்கரோனுக்குள் இவ்வளவு யோசித்து வேறு யாரும் வைத்ததில்லை. ஆனால் பெயர் பெற்ற கடையில்தான் நல்லது கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், தெருமுனைப் பத்திஸ்ரியில், அதாவது கேக் கடையில், அவர்களே செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்கினால் பாதி இடங்களில் திருப்தியாகவே இருக்கும். ஓட்டின் அடியில் பாவாடைக் கொசுவம் மாதிரி சுற்றிலும் ஒரே சீராக விளிம்பு நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஊருக்கு என்றால் கிளம்புகிற அன்று வாங்கிக் கைப்பையில் வையுங்கள், வந்ததும் ஃபிரிட்ஜ், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிற பேத்திக்குத் தூத்துக்குடி மக்ரூனைக் கூரியரில் அனுப்பினால் தூளாகாமல் போய்ச் சேருமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: போகும் அண்ணாச்சி, அட்டைப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பிஸ்கட் வருகிற தகர டின் ஒன்றைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, அடியில் பட்டர் பேப்பர், மக்ரூனைக் கூம்பு மேல்நோக்கி ஒரு வரிசை, மறுபடி பேப்பர், இன்னொரு வரிசை. அசையாதபடி மேலே கசக்கிய பேப்பரை அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அன்று காலையில் அடுப்பிலிருந்து வந்ததாக வாங்காமல், ஒரு நாள் முழுக்க ஆறியதைக் கேட்டு வாங்குங்கள். கால் கிலோ கூடுதலாகவே வையுங்கள், நாலைந்து நுனியாவது உடையும், பேத்தி அந்தத் தூளைப் பாலில் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வாள்.